யார் யாரை அடிக்கலாம்? ரோமாபுரி வரலாற்றுக்குள் புதிதாக நுழைபவருக்கு ஒரு வழி

ரோமானியர் வரலாற்றைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேரரசர் பட்டியலில் சிக்கிக்கொள்கிறார்கள். நானும் சிக்கினேன். அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ வரைக்கும் சுவாரசியமாகப் போனது. அடுத்து கி.பி. 69. ஒரே ஆண்டில் நான்கு பேர் மாறி மாறி அரியணை ஏற, தலை சுற்றிப் புத்தகத்தை மூடிவிட்டேன். பல வருஷம் திறக்கவே இல்லை.

மறுபடி திறக்க வைத்தது ஒரு கட்டண விவரம். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் புட்டியோலி என்றொரு துறைமுக நகரம். அங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்றில், பிணம் எடுக்கும் குத்தகைக்காரருக்கு நகர நிர்வாகம் போட்ட நிபந்தனைகள் இருக்கின்றன. அதே குத்தகைக்காரர்தான் தண்டனையும் நிறைவேற்ற வேண்டும். யாராவது தன் அடிமையைச் சிலுவையில் அறைய விரும்பினால் கம்பம், சங்கிலி, கயிறு எல்லாம் குத்தகைக்காரர் பொறுப்பு. கட்டை சுமப்பவர், சவுக்கால் அடிப்பவர், கொல்பவர் ஆகியோருக்கு ஆளுக்கு 4 செஸ்டர்ஸ் கூலியை அடிமையின் எஜமான் தர வேண்டும். நகர அதிகாரியே தண்டனை விதித்திருந்தால் ஆணி, தார், மெழுகு உட்பட எல்லாமே இலவசம்.

4 செஸ்டர்ஸ் என்றால் ஒரு டெனாரியஸ். இயேசு சொன்ன திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையில் நாள் கூலியாக வரும் அந்த ‘ஒரு பணம்’ இதுதான். ஓர் ஆளைக் கொல்பவருக்கு ஒரு நாள் கூலி. கல்வெட்டின் நடையில் கோபமோ வெறியோ துளியும் இல்லை. நம் ஊர் பேருந்து நிலையத்துச் சைக்கிள் நிறுத்துமிடப் பலகை மாதிரி இருக்கிறது.

அன்றைக்குத்தான் ரோமை வேறு பக்கத்திலிருந்து படிக்கலாம் என்று புரிந்தது. யார் ஆண்டார் என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, யார் யாரை அடிக்கலாம் என்று கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிற வழி கீழே.

முதலில் ஒரு நோட்டு

மூன்று கட்டம் போடுங்கள். அடித்தவர், அடிபட்டவர், கையில் இருந்தது. ரோமைப் பற்றி எதைப் படித்தாலும், எந்தப் படத்தைப் பார்த்தாலும், இந்த மூன்றையும் நிரப்புங்கள். மூன்றாவது கட்டம் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அதிகம் சொல்லப்போவது அதுதான்.

பழக்கத்துக்கு இரண்டு வரி. கி.மு. 133-இல், பொது நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக்கொடுக்கச் சட்டம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸைச் செனட்டர்கள் திரண்டு வந்து கொன்றார்கள். கையில் இருந்தது: உடைத்த பெஞ்சுக் கால்கள். நகர எல்லைக்குள் ஆயுதம் ஏந்துவது வழக்கமில்லை என்பதால் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 44, மார்ச் 15. சீசர் மேல் 23 குத்து. கையில் இருந்தது: குத்துவாள். ஆனால் அதே நேரத்தில் சீசரும் தாக்கியவர்களில் ஒருவரான காஸ்காவின் கையில் திருப்பிக் குத்தினார், எழுத்தாணியால். இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்தால் 89 ஆண்டுகளில் என்ன மாறியது என்பது தெரிகிறது. முன்னவர்கள் ஆத்திரத்தில் பெஞ்சை உடைத்தவர்கள். பின்னவர்கள் வீட்டிலிருந்தே கத்தி எடுத்துவந்தவர்கள்.

தேதிகள்: மூன்று போதும்

கி.மு. 509: மன்னரைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்ததாக ரோமானியர்களே சொல்லிக்கொண்ட ஆண்டு. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் 12 ஏவலர்கள், தோளில் பிரம்புக் கட்டோடு நடப்பார்கள். கட்டுக்குள் ஒரு கோடரி. பிரம்பு அடிக்க, கோடரி தலையை வெட்ட. நகருக்குள் வரும்போது கோடரியை எடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அங்கே குடிமகனுக்கு மக்கள் முன் முறையிடும் உரிமை உண்டு. அரசியல் சாசனம் என்று எழுதி வைத்த ஒன்று அவர்களிடம் இல்லை. அந்தக் கட்டைப் பார்த்தாலே பாதி சாசனம் புரிந்துவிடும்.

கி.மு. 27: உள்நாட்டுப் போர்களை முடித்த ஆக்டேவியன் ‘அகஸ்டஸ்’ ஆகிறார். கி.பி. 212: பேரரசர் காரகல்லா தன் ஆட்சிக்குட்பட்ட சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ எல்லோருக்கும் குடியுரிமை தருகிறார். மற்ற தேதிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெயரைப் படிக்கப் பழகுங்கள்

பேச்சாளரும் அரசியல்வாதியுமான மார்க்கஸ் டுல்லியஸ் சிசரோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது அவருடைய சொந்தப் பெயர், நடுவில் இருப்பது குலப் பெயர், கடைசியில் கிளைப் பெயர். அவர் மகள் பெயர் டுல்லியா. அதாவது குலப் பெயரையே பெண்பாலாக்கியது, அவ்வளவுதான். இரண்டு மகள்கள் என்றால் இரண்டு பேருக்கும் அதே பெயர், மூத்தவள் இளையவள் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதுதான்.

இப்போது இன்னொரு பெயர்: மார்க்கஸ் டுல்லியஸ் டிரோ. சிசரோவின் தம்பி மாதிரி தெரிகிறதா? இல்லை. அவருடைய செயலாளர், அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலையான அடிமை எஜமானின் முதல் இரண்டு பெயர்களையும் சுமப்பார். தன் பழைய பெயர் வாலில் தொங்கும். கல்லறைக் கற்களில் இது ஒற்றை எழுத்தில் தெரியும். பெயருக்கு நடுவே ‘எம். எஃப்.’ என்றிருந்தால் மார்க்கஸின் மகன். ‘எம். எல்.’ என்றிருந்தால் மார்க்கஸ் விடுதலை செய்தவர். இந்த இரண்டு எழுத்தைத் தெரிந்துகொண்டால் எந்த அருங்காட்சியகத்திலும், லத்தீன் ஒரு வரி தெரியாமலே, கல்லில் இருப்பவர் அடி வாங்கிய பரம்பரையா கொடுத்த பரம்பரையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

செனட்டுக்கு முன் வீடு

புதியவர்கள் நேராகச் செனட்டுக்குள் போகப் பார்ப்பார்கள். வேண்டாம். அதிகாரம் உற்பத்தியாகும் இடம் வீடு.

குடும்பத் தலைவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகள் அவர் கைக்குள்தான். மகனுக்கு ஐம்பது வயதாகட்டும், கான்சலாகக்கூட ஆகட்டும். சட்டப்படி அவன் பெயரில் சொத்து கிடையாது. அப்பா பார்த்து விட்டுவைத்ததை அவன் புழங்கலாம், அவ்வளவுதான். பிள்ளையைக் கொல்லும் உரிமைகூடத் தகப்பனுக்கு ஏட்டளவில் இருந்தது. நடைமுறையில் அது அபூர்வம். ஆனால் பிறந்த குழந்தையை வளர்ப்பதா, வெளியே விட்டுவிடுவதா என்பதை அவர்தான் முடிவுசெய்தார், அது அபூர்வமில்லை.

அடிமைகள் விஷயத்தில் ‘ஏட்டளவில்’ என்ற பேச்சே இல்லை. மருத்துவர் கேலன் தன் அம்மாவைப் பற்றி எழுதும்போது, கோபம் வந்தால் வேலைக்காரிகளைக் கடித்துவிடுவாள் என்கிறார். கையில் இருந்தது என்ற கட்டத்தில் ‘பல்’ என்று எழுத நேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே கேலன் சொல்லும் இன்னொரு சம்பவம்: பேரரசர் ஹாட்ரியன் ஒருமுறை கோபத்தில் எழுத்தாணியால் அடிமை ஒருவனின் கண்ணைக் குத்திவிட்டார். பார்வை போயிற்று. மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமோ கேள் என்றார். அவன் பேசாமல் நின்றான். திரும்பத் திரும்பக் கேட்டதும், எனக்கு என் கண்தான் வேண்டும் என்றான். ஹாட்ரியன் மோசமான பேரரசர்கள் வரிசையில் வைக்கப்படுபவரே இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு மேல் படிக்க ஒரே ஒரு வழக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சொல்வது கி.பி. 61-ஆம் ஆண்டு வழக்கு. ரோம் நகரின் ஆளுநர் பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். விடுதலைக்குப் பேசிய விலையில் ஏமாற்றிவிட்டார் என்றும் சொன்னார்கள், காதல் போட்டி என்றும் சொன்னார்கள். எஜமான் அடிமை கையால் கொலையானால் அந்தக் கூரைக்குக் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். சமையல்காரர், தாதி, குழந்தைகள், கொலையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

ஊர் கொதித்தது. செனட்டிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். எழுந்து பேசியவர் காஸியஸ் லாங்கினஸ், அந்தக் காலத்தின் பெரிய சட்ட அறிஞர். பல இனத்து ஆட்களை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், அச்சம் இல்லாமல் இவர்களை அடக்க முடியாது என்பது அவர் வாதம். நிரபராதிகளும் சாவார்களே என்றால், கோழைத்தனம் காட்டிய படையில் பத்தில் ஒருவரை அடித்துக் கொல்லும்போது வீரனும்தான் சிக்குகிறான் என்றார். தீர்மானம் நிறைவேறியது. கற்களோடும் தீப்பந்தங்களோடும் ஜனங்கள் வழிமறிக்க, நீரோ பாதை நெடுக சிப்பாய்களை நிறுத்தி 400 பேரையும் கொண்டுபோனார்.

இந்த வழக்கைப் படிக்கும்போது நீரோவைப் பார்க்காதீர்கள். லாங்கினஸைப் பாருங்கள். பைத்தியக்கார அரசனின் வேலை இல்லை இது. படித்த, நேர்மையான, ஒழுங்கை விரும்பிய ஒரு சட்ட நிபுணர் நிதானமாக வாதாடி வாங்கிய தீர்ப்பு. தெருவில் கல்லெடுத்தவர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் விடுதலையான அடிமைகளாகவோ அவர்கள் பிள்ளைகளாகவோ இருந்திருப்பார்கள். ரோமின் சாதாரண ஜனங்களில் அத்தகையோர் அவ்வளவு பேர். ‘அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அது சகஜம்’ என்று சொல்பவர்களுக்கு அந்தக் கற்களைக் காட்டலாம்.

விடியற்காலைக் கும்பிடு

அடி விழாமலும் அதிகாரம் நடக்கும். அதைப் பார்க்க விடிவதற்கு முன்பே பெரிய மனிதர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். டோகா என்ற மேலாடையைச் சுற்றிக்கொண்டு, தூக்கம் கலையாத முகங்களோடு, அவரை அண்டிப் பிழைப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே போய் ஒரு வணக்கம். பதிலுக்கு ஒரு சின்னத் தொகை. கவிஞர் மார்ஷியல் காலத்தில் 100 குவாட்ரன்ஸ் என்ற சில்லறைக் காசு, அதாவது 25 அஸ் காசு. பொம்பெயி மதுக்கடைச் சுவரில் எழுதியிருக்கும் விலைப்படி ஒரு குவளை மட்ட ஒயின் 1 அஸ், நல்லது 2, உயர்ந்த ஃபலேர்னியன் 4. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அவர் வெளியே போகும்போது பின்னால் நடக்க வேண்டும், வழக்குமன்றத்தில் கைதட்ட வேண்டும், குடியரசுக் காலமென்றால் ஓட்டும் போட வேண்டும்.

ஒருநாள் அதிர்ஷ்டம் அடித்து விருந்துக்கும் கூப்பிட்டால்? செனட்டர் இளைய பிளினி தன் கடிதமொன்றில் ஒரு விருந்தைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் மூன்று வகை ஒயின் வைத்திருந்தாராம்: தனக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, இரண்டாம்தர நண்பர்களுக்கு ஒன்று, விடுதலையான அடிமைகளுக்கு ஒன்று. ஒரே பந்தி, மூன்று குவளை. நம் ஊர்ப் பந்திகளையும் தேநீர்க் கடைகளையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெருவில் இறங்கினால்

ரோமில் நாம் அறிந்த மாதிரி போலீஸ் இல்லை. லட்சக்கணக்கானோர் வாழ்ந்த நகரத்தில் திருட்டுப் போனால் புகார் எழுதிக்கொள்ள ஒரு நிலையம் இல்லை. அகஸ்டஸ் கி.பி. 6-இல் ஏழு அணிகளாக ஓர் இரவுக் காவல் படை அமைத்தார். அதன் முதல் வேலை தீயணைப்பு. அதற்கு முந்தைய தலைமுறையில் அரசியல்வாதிகளே அடியாள் கூட்டம் வைத்திருந்தார்கள். கி.மு. 52-இல் ஆப்பியன் சாலையில் மிலோவின் ஆட்களும் குளோடியஸின் ஆட்களும் மோதி, குளோடியஸ் செத்தார். அவர் ஆதரவாளர்கள் பிணத்தைச் செனட் கட்டடத்துக்குள் கொண்டுபோய் எரித்ததில் கட்டடமே எரிந்தது.

சாதாரண மனிதன் என்ன செய்தான்? சொந்தக்காரர்களைக் கூப்பிட்டான், இல்லையென்றால் சாமியிடம் போனான். பிரிட்டனில் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் ஏராளமான ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. டோகிலியானஸ் என்பவர் தன் தலைமூடி அங்கியைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, அவனுக்குத் தூக்கமும் பிள்ளையும் வாய்க்கக் கூடாது என்று சூலிஸ் தேவியிடம் எழுதிப் போட்டிருக்கிறார். காசு வெட்டிப் போடுவதும் மிளகாய் அரைத்துப் பூசுவதும் தெரிந்தவர்களுக்கு இந்தத் தகடு உடனே புரியும்.

இன்னொரு ஆபத்து மேலிருந்து வரும். அடுக்குமாடிகளின் மேல் தளங்களிலிருந்து பானை, கழிவுநீர் எல்லாம் தெருவில் விழும். இதற்குச் சட்டம் இருந்தது. எறிந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அந்த அறையில் குடியிருப்பவர் பொறுப்பு. பொருள் சேதமென்றால் இரு மடங்கு ஈடு. சுதந்திர மனிதன் செத்தால் 50 பொற்காசு. காயமென்றால் வைத்தியச் செலவையும் இழந்த கூலியையும் கணக்கிடலாம். ஆனால் தழும்புக்கு ஈடு கிடையாது, ஏனென்றால் சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை போட முடியாது என்கிறார் சட்ட ஆசிரியர் கையஸ். கேட்க உயர்வாக இருக்கிறது. அடிமையின் உடலுக்குச் சந்தையில் விலை இருந்தது என்பதைச் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்த வாக்கியம் முழுசாகும்.

‘நான் ரோமன்’ என்றால் என்ன நடக்கும்?

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. வேதாகமம் வழியாக நூற்றுக்கு அதிபதி, ஆயக்காரர், இராயன், பிலாத்து எல்லோரும் நமக்கு ஏற்கெனவே பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகள் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எருசலேமில் பவுலை வாரினால் கட்டி அடிக்கப்போகிறார்கள். விசாரணை இல்லாமல் ரோமக் குடிமகனை அடிக்கலாமா என்று அவர் கேட்கிறார். சேனாபதி பயந்துபோகிறார். நான் பெருந்தொகை கொடுத்து இந்த உரிமையை வாங்கினேன் என்கிறார். பவுலோ, நான் அதோடு பிறந்தவன் என்கிறார். அடிக்கும் கை நின்றுவிடுகிறது.

எப்போதும் நிற்காது. சிசிலியின் ஆளுநர் வெர்ரெஸ், கவியஸ் என்ற குடிமகனைச் சவுக்கால் அடித்துச் சிலுவையில் ஏற்றினார். ‘நான் ரோமக் குடிமகன்’ என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கி.மு. 70-இல் வெர்ரெஸ் மேல் வழக்கு நடத்திய சிசரோ இதைப் பெரிய ஆயுதமாக எடுத்தார்.

படைக்குள் போனால் குடிமகனையும் அடிக்கலாம், ஆனால் திராட்சைக் கொடிப் பிரம்பால். அது நூற்றுக்கு அதிபதியின் அடையாளம். லூசிலியஸ் என்று ஒருவருக்குச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் ‘இன்னொண்ணு கொண்டா’. முதுகில் அடித்துப் பிரம்பு முறிந்ததும் அடுத்ததைக் கேட்பாராம், அதுவும் முறிந்ததும் அதற்கடுத்தது. கி.பி. 14-இல், டான்யூப் நதியோர மாகாணமான பனோனியாவில் இருந்த படை கலகம் செய்தபோது முதலில் கொல்லப்பட்டவர்களில் அவர் ஒருவர்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கோடு நகர்ந்துவிட்டது. குடிமகனா இல்லையா என்பது மங்கி, மேலோரா கீழோரா என்பது முக்கியமானது. மேலோர் என்றால் நாடு கடத்தல்; அதே குற்றத்துக்குக் கீழோரானால் சுரங்கம், சிலுவை, காட்டு விலங்கு. 212-இல் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்தபோது முதுகைக் காப்பாற்றும் அதன் பலம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

அரங்கத்தைக் கடைசியில் பாருங்கள்

கொலோசியத்தில் தொடங்கினால் ரோமானியர்கள் வெறும் ரத்தப் பிரியர்களாகத் தெரிவார்கள். வீட்டையும் தெருவையும் பார்த்துவிட்டு வந்தால், அங்கே நடப்பது புதிதல்ல, கட்டணமில்லாமல் எல்லோருக்கும் காட்டப்படுவது மட்டுமே என்று தெரியும். சினிமா தந்த சிலவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு சண்டையும் சாவில் முடியவில்லை. பயிற்சி பெற்ற வீரர் முதலாளிக்கு விலையுயர்ந்த சரக்கு. ‘சாகப்போகிறவர்கள் வணங்குகிறோம்’ என்ற முழக்கம் கி.பி. 52-இல் கிளாடியஸ் ஃபூசினஸ் ஏரியில் நடத்திய கப்பல் சண்டையில் மட்டுமே பதிவாகியிருக்கிறது, அதைச் சொன்னவர்கள் தண்டனைக் கைதிகள். பொம்பெயி சுவரில் கெலாடஸ் என்ற வீரரைப் ‘பெண்களின் பெருமூச்சு’ என்று கிறுக்கியிருக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் மானமிழந்தவர்.

எழுதிய கை யாருடையது?

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை அடிக்கும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதியவை. 400 அடிமைகள் வழக்கை எழுதிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் செனட்டர், பிளினி செனட்டர், சிசரோ கான்சல். அடிபட்டவர் குரல் வேண்டுமென்றால் அடிமையாகப் பிறந்த தத்துவஞானி எபிக்டெட்டஸிடம் போகலாம். மற்றபடி பொருட்களிடம்தான் போக வேண்டும். ரோமில் ஒரு இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது. அதில் தொங்கும் தகட்டில் எழுதியிருப்பது: ‘ஓடிவிட்டேன். பிடி. என்னை என் எஜமான் சோனினஸிடம் திருப்பிக் கொடுத்தால் ஒரு பொற்காசு பெறுவாய்.’ ‘நான்’ என்று பேசுகிறது, ஆனால் பேசுவது சோனினஸ். ரோமச் சான்றுகளை எச்சரிக்கையாகப் படிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பக்கத்தில் கையில் எடுக்க ஒன்று

இத்தாலி போக வேண்டாம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானிய நாணயங்களே போதும். மிளகுக்கு விலையாக யவனர் கப்பலில் வந்தவை. டைபீரியஸின் வெள்ளி டெனாரியஸ் தென்னிந்தியாவில் ஏராளம். தலையைச் சுற்றியுள்ள எழுத்தைக் கவனியுங்கள்: ‘தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்’. மகன் என்பதற்கு அதே ‘எஃப்’ தான். தத்துப் பிள்ளை. ‘இந்தச் சொரூபமும் மேலெழுத்தும் யாருடையது’ என்று இயேசு கேட்ட நாணயம் இந்த வகைதான் என்பது பலர் கருத்து.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் ஒரு வெட்டு. காசாகச் செல்லாமல் வெறும் தங்கமாக எடை போட இப்படி வெட்டினார்கள் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். அடிபட்டவர்: ரோமப் பேரரசர். கையில் இருந்தது: உளி.